உண்டியல் குலுக்கி எடுத்த படம்

கழுதை என்று ஒருவனை அழைத்துப் பாருங்கள். முகம் சிவந்துவிடும் அவனுக்கு! ஊரார் அழுக்கைச் சுமக்கிறது, உதையும் வாங்குகிறது, உறுமாமல் நிற்கிறது. அத்தகைய உயிருக்கு உலகம் தந்த பரிசு, அதன் பெயரையே வசைச்சொல்லாக்கியதுதான். அந்த வசைச்சொல்லைத் தலைப்பிலே தாங்கி, அதனையும் அக்கிரகாரத்தோடு இணைத்து, 1977-ஆம் ஆண்டிலே தமிழில் ஒரு படம் வந்தது. ‘அக்ரஹாரத்தில் கழுதை’ என்பது படத்தின் பெயர். எடுத்தவர் தமிழரல்லர், கேரளத்துக் குட்டநாட்டுப் பகுதியிலே, 1937-ஆம் ஆண்டு பிறந்த ஜான் ஆபிரகாம்.

கதை எளிது. நாராயணசாமி என்றொரு பேராசிரியர். தாயை இழந்த கழுதைக் குட்டியொன்று அவர் வீட்டு வாயிலுக்கு வந்து சேருகிறது. இரக்கம் மேலிட்டு வளர்க்கத் தொடங்குகிறார். கல்லூரியிலே கேலி கிளம்புகிறது. குட்டியைத் தம் ஊருக்கு, அக்கிரகாரத்துக்கு, கொண்டுபோய் விடுகிறார். வாய் பேசாத பெண்ணொருத்தி அதனைப் பேணுகிறாள். ஊர் பொறுக்குமா? எது நடந்தாலும் பழி கழுதையின் தலையிலே விழுகிறது. அந்த ஊமைப் பெண்ணை ஒருவன் கெடுக்கிறான். இறந்தே பிறந்த அவளது குழந்தை கோயிலருகே கிடக்கிறது. கெடுத்தவன் யார் என்று கேட்பாரில்லை. கழுதை இருப்பதால் வந்த தீட்டு என்கின்றனர், அடித்துக் கொல்கின்றனர். அதன்பின் ஊரிலே சில நன்மைகள் தற்செயலாக நிகழ்கின்றன. உடனே, செத்த கழுதை தெய்வமாகிறது! கொன்ற கைகளே கும்பிடுகின்றன. கோயில் எழுப்பவேண்டும் என்கின்றன. முடிவிலே, கழுதையின் மண்டையோட்டைக் கொண்டு நடத்தும் சடங்கிலே மூண்ட தீ, ஊரையே விழுங்குகிறது. எஞ்சுவோர், பேராசிரியரும் அந்தப் பெண்ணும்.

மேடையிலே நாம் மணிக்கணக்கில் பேசிய பொருள்தான்; புதிதல்ல. ஆனால் இந்தப் படத்திலே மேடை இல்லை, முழக்கம் இல்லை. அக்கிரகாரத்தார் கொடிய மீசைகளோடு வருவதில்லை. சாதுவாக, நாள்தோறும் செய்யும் காரியங்களைச் செய்துகொண்டே அந்தக் கொலையையும் செய்கின்றனர். எள்ளல் உண்டு, அது உரத்த குரலில் இல்லை. கறுப்பு வெள்ளையிலே, ஒளிப்பதிவாளர் இராமச்சந்திர பாபுவின் காமிரா பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பார்ப்பவன்தான் பொறுமை இழக்கிறான். பிரெஞ்சு இயக்குநர் பிரெஸோன் 1966-ஆம் ஆண்டு எடுத்த, கழுதையை நடுவில் வைத்த படம் ஒன்று உண்டு. அதனோடு இதனை ஒப்பிட்டுப் பேசுவோர் பலர். கழுதையைத் தெய்வமாக்கும் வித்தை மட்டும் நம் நாட்டுச் சரக்கு!

அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்குரிய தேசிய விருது இதற்குக் கிடைத்தது. விருது கிடைத்தது, கொட்டகை கிடைத்ததா? தமிழ்நாட்டுத் திரையரங்குகளிலே பரவலாக ஓடும் பேறு அதற்கு வாய்க்கவில்லை. பின்னாளிலே தூர்தர்ஷன் ஒளிபரப்ப முன்வந்தபோது, தலைப்பே இழிவு என்று சிலர் கொதித்தெழ, ஒளிபரப்பு கைவிடப்பட்டது. திருவிளையாடல்களை ஓயாமல் காட்டும் பெட்டிக்கு ஒரு கழுதையின் கதையைக் காட்டத் துணிவில்லை.

இங்கே, தோழர்களே, கசப்பான ஓர் உண்மையையும் சொல்லியாகவேண்டும். இப்படத்துக்குத் திரைக்கதை எழுதியவர் திறனாய்வாளர் வெங்கட் சாமிநாதன். திராவிட இயக்கத்தின் நண்பரல்லர் அவர். நம்மைக் கடுமையாகச் சாடிவந்தவர். அக்கிரகாரத்தின் உள்ளிருந்து வந்த கண் அது. நாம் எழுதியிருக்கவேண்டிய படத்தை நம்மைச் சாடியவர் எழுதினார். கேரளத்துக் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர் எடுத்தார். பேராசிரியராக நடித்தவரோ இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். அந்த நேரத்திலே நம் எழுத்தாளர்களும் நடிகர்களும் எங்கே இருந்தனர் என்ற கேள்வியை நாம் தவிர்ப்பதற்கில்லை.

சினிமாவின் வலிமையை அறியாதவர்களா நாம்? 1949-இலே அண்ணாவின் ‘வேலைக்காரி’ வந்தது. 1952-இலே கலைஞரின் வசனத்தோடு ‘பராசக்தி’ வந்தது. கோயிலையும் பூசாரியையும் கேள்வி கேட்கும் குரல் கொட்டகைகளிலே ஒலித்தது. பாமரன் கைதட்டினான், பழமை விரும்பிகள் பதறினர். அது பெரும் புரட்சி, ஐயமில்லை. எனினும், அந்தப் புரட்சியின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். எழுத்து நம்முடையது, முதல் படமுதலாளியுடையது. ஸ்டூடியோவும் கொட்டகையும் அவர்களுடையவை. வசூல் குவிந்ததால் வசனம் பிழைத்தது. வசூல் குறையும் என்று தெரிந்திருந்தால், எத்தனை முதலாளிகள் அந்த வசனங்களுக்குச் செல்லுலாய்டு தந்திருப்பர்? பின்னாளிலே வசனத்தை விட்டு நாயகனைப் பிடித்துக்கொண்டனர். நாயகனுக்குக் கற்பூரம் கொளுத்தும் நிலைவரை வந்தது. சொல்லை மக்களிடம் கொண்டுபோன நாம், பணப்பையின் கயிற்றை மக்களிடம் தரவில்லை.

ஜான் ஆபிரகாம் கை வைத்த இடம் அந்தக் கயிறுதான்.

அவர் அங்கே வந்து சேர்ந்த வழியைச் சற்றுப் பார்ப்போம். ஆயுள் காப்பீட்டுக் கழகத்திலே ஊதியம் வாங்கிக்கொண்டிருந்தவர், அதனை உதறிவிட்டுப் புனே திரைப்படக் கல்லூரியிலே சேர்ந்தார். அங்கே ஆசிரியராக வாய்த்தவர், வங்காளத்து ரித்விக் கட்டக். நாட்டுப் பிரிவினையால் வேரறுந்தவர்களின் வேதனையை வாழ்நாளெல்லாம் படமாக்கியவர். மணி கவுல், குமார் சஹானி ஆகியோரும் கட்டக்கிடம் பயின்றவர்களே. இந்தக் குருவழியிலே தமிழுக்கும் ஒரு கண்ணி உண்டு. 1950-இலே, நிமாய் கோஷ் என்னும் வங்காளி, அகதிகளைப் பற்றி ‘சின்னமூல்’ என்ற படத்தை எடுத்தார். அதிலே கட்டக் நடித்தார், துணை இயக்குநராகவும் இருந்தார். அதே நிமாய் கோஷ் சென்னைக்கு வந்து, 1960-இலே ‘பாதை தெரியுது பார்’ என்ற தமிழ்ப் படத்தை இயக்கினார். ஒரு பெருமுதலாளியின் பணமன்று அது. இடதுசாரித் தோழர்கள் பலர் கூட்டாகப் போட்ட முதல். இசை எம்.பி. சீனிவாசன். தொழிலாளர் வாழ்வைச் சொன்ன அந்தப் படமும் விருது பெற்றது, கொட்டகையிலே நிலைக்கவில்லை. அந்தச் சீனிவாசன்தான் 17 ஆண்டுகளுக்குப் பின் கழுதைக் குட்டியோடு அக்கிரகாரத்துக்குள் நடந்தார். கூட்டு முதலால் எடுத்தாலும் கொட்டகைக்காரன் கதவைச் சாத்திவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர் கண்கூடாகக் கண்டவர்.

ஜானின் முதற்படம் 1972-இலே வந்த ‘வித்யார்த்திகளே இதிலே இதிலே’. அதைப் பற்றி இங்கே விரிக்கவேண்டியதில்லை. 1979-இலே ‘செறியாச்சன்றெ குரூரகிருத்யங்கள்’ எடுத்தார். குட்டநாட்டு நிலக்கிழார் ஒருவனின் மனத்திலே குற்ற உணர்வும் அச்சமும் புகுந்து ஆட்டுவிப்பதைக் காட்டும் படம். நகைச்சுவை நடிகர் என்று பெயர் பெற்றிருந்த அடூர் பாசியை அதிலே நாயகனாக்கினார். பாசிக்குக் கேரள அரசின் விருது கிடைத்தது. தமிழ்ப் படத்திலே பார்ப்பன அக்கிரகாரம். மலையாளப் படத்திலே தாம் பிறந்த சமூகத்தின் நிலவுடைமை. பிறர் வீட்டு ஒட்டடையை அடித்தவர் தம் வீட்டை மறக்கவில்லை. பகுத்தறிவுக்கு அது முதற் சோதனை. பலர் தவறும் இடமும் அதுவே.

அதற்குப்பின் சில ஆண்டுகள் படமில்லை. படமெடுக்கப் பணம் தருவோர் இல்லை. குடித்தார், அலைந்தார், நண்பர்கள் வீட்டுத் திண்ணைகளிலே உறங்கினார். கதைகளும் எழுதினார். வேறொருவராயிருந்தால், ‘வணிகம் வென்றது, கலை தோற்றது’ என்று புலம்பி ஓய்ந்திருப்பார். ஜானோ, 1984-இலே கோழிக்கோட்டிலே நண்பர்களைச் சேர்த்து ‘ஒடேசா’ என்றொரு கூட்டமைப்பைத் தொடங்கினார். அந்நகரின் பெயரைக் கேட்டதும் ஐசன்ஸ்டைனின் ‘பொட்டம்கின்’ படமும், துப்பாக்கிகள் இறங்கிவந்த படிக்கட்டும் நினைவிலே எழும்.

ஒடேசாத் தோழர்கள் செய்தது என்ன? 16 மில்லிமீட்டர் படக்கருவியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றனர். கண்ட இடத்திலே திரை கட்டினர். சாப்ளினின் ‘தி கிட்’ போன்ற படங்களை ஓட்டினர். படம் முடிந்ததும், ‘நாங்கள் ஒரு படம் எடுக்கப் போகிறோம், உங்களால் இயன்றதைத் தாருங்கள்’ என்று கேட்டனர். மீனவர் தந்தனர், மாணவர் தந்தனர், கூலிக்காரர் தந்தனர். கட்டணச் சீட்டு வாங்கிப் பார்ப்பவனாக மட்டுமே அதுவரை நடத்தப்பட்ட மனிதன், அன்று படத்துக்கு முதல் போட்டவனானான்! உண்டியல் குலுக்கி மாநாடு நடத்தியது நமக்குத் தெரியும். கட்சி வளர்த்தது தெரியும். உண்டியல் குலுக்கிப் படமும் எடுக்கலாம் என்று நமக்குத் தோன்றவில்லையே!

அப்படிச் சேர்ந்த பணத்தில் பிறந்ததுதான் 1986-இலே வெளிவந்த ‘அம்ம அறியான்’. அம்மா அறிவதற்காக என்பது பொருள். கடிதத்தின் தலைப்புப் போன்ற பெயர். புருஷன் என்னும் இளைஞன், வயநாட்டிலிருந்து டில்லிக்குப் புறப்படுகிறான். தவறாமல் எழுதுவதாக அம்மாவுக்கு வாக்களித்திருக்கிறான். வழியிலே, தூக்கிலே தொங்கி மாண்ட ஓர் இளைஞனின் உடல், யாரென்று தெரியவில்லை. எங்கோ பார்த்த முகமாகப் படுகிறது. டில்லிப் பயணத்தைக் கைவிட்டு, விசாரித்துக்கொண்டே போகிறான். செத்தவன் ஹரி என்னும் தபலாக் கலைஞன் என்று தெரியவருகிறது. அவன் தாய் கொச்சியில் இருக்கிறாள். மகன் இறந்தான் என்று அவளிடம் யார் சொல்வது? புருஷன் புறப்படுகிறான், ஒருவன் சேருகிறான், இன்னொருவன் சேருகிறான், ஒவ்வோர் ஊரிலும் ஓர் இளைஞன் தன் தாயிடம் சொல்லிவிட்டு அந்தக் கூட்டத்தோடு நடக்கிறான். வயநாட்டு மலையிலே ஒருவனாகத் தொடங்கியது, கொச்சிக் கடற்கரையை எட்டும்போது ஊர்வலமாகியிருக்கிறது. இடையிடையே, வேலைநிறுத்தங்கள், மாணவர் கிளர்ச்சிகள், தொழிலாளர் மீது நடந்த கொடுமைகள் ஆகிய கேரளத்து நாட்டு நடப்புகள் ஆவணமாகவே வந்து கலக்கின்றன. கதை எங்கே முடிகிறது, வரலாறு எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க இயலாது.

படம் எடுத்த முறையும் படத்தின் கதையும் ஒன்றே என்பதைக் கவனிக்கவேண்டும். ஊர் ஊராகப் போய் மக்களைச் சேர்ப்பதுதான் கதை. ஊர் ஊராகப் போய் மக்களைச் சேர்த்ததுதான் தயாரிப்பு. புருஷனாக நடித்த ஜாய் மாத்யூ அந்நாளில் நட்சத்திரமல்லர். தபலாக் கலைஞனாக வந்த ஹரிநாராயணன் உண்மையிலேயே தபலா வாசிப்பவர். ஒளிப்பதிவு வேணு, படத்தொகுப்பு பீனா. வேணுவின் ஒளிப்பதிவு தேசிய விருதையும் பெற்றது.

குறையற்ற படமா? இல்லை. நடை சில இடங்களிலே தள்ளாடுகிறது; செய்தித் துண்டுகள் சில ஒட்டவைத்தாற்போல் நிற்கின்றன. எனக்கு அதைவிடப் பெரிதாய்ப் படும் குறை வேறு. படமெங்கும் அன்னையர், அன்னையரின் முகங்கள் மறக்கவொண்ணாதவை. ஆயினும் அவர்கள் வாசலிலே நின்று வழியனுப்புகின்றனர். நடப்போர் எல்லாம் மைந்தரே. வீட்டைத் தாண்டி அந்த ஊர்வலத்திலே ஒரு தாயும் நடந்திருந்தால் என்ன? தாய்மையைப் போற்றியே பெண்ணை வாசற்படியில் நிறுத்திவைப்பது பழமையின் பழைய தந்திரம். புரட்சிக்காரரின் கண்ணுக்கும் சில வேளைகளிலே அது தப்பிவிடுகிறது.

1987 மே 31. கோழிக்கோட்டிலே, கட்டடத்தின் மேலிருந்து விழுந்து ஜான் ஆபிரகாம் மறைந்தார். ஐம்பது வயதுகூட நிரம்பவில்லை.

உடனே தொடங்கியது மற்றொரு கதை. ‘அக்ரஹாரத்தில் கழுதை’யின் பிற்பகுதியை ஒத்த கதை! இருந்தபோது, படமெடுக்கப் பணமில்லை என்று கைவிரித்தவர்கள், இறந்தபின் மாலை தொடுத்தனர். அவருடைய தாடி புகழ்பெற்றது, அழுக்குச் சட்டை புகழ்பெற்றது, குடி புகழ்பெற்றது. அவரைப் பற்றிய கதைகள் பெருகின. அவர் செய்த காரியம் கதைகளுக்கு அடியிலே மறைந்தது. ஜானைப்போல் குடித்தால் ஜானாகிவிடலாம் என்று நம்பிய இளைஞர்களும் உண்டு. கழுதையின் மண்டையோட்டைக் கும்பிட்டவர்களுக்கும் இவர்களுக்கும் என்ன வேறுபாடு? குடி அவருடைய ஆற்றலன்று. அவருடைய ஆற்றலைத் தின்ற நோய். 1972 முதல் 1986 வரை நான்கே படங்கள் என்பதை நினைவிலே வைத்துப் பேசவேண்டும். தனிமனித வழிபாட்டின் தீங்கை அரசியலிலே கண்டு சலித்த நாம், கலையிலே மட்டும் அதற்குச் சலுகை தரலாகாது.

நல்லவேளையாக, மாலையோடு நிற்காதவர்களும் இருந்தனர். ஒடேசா கலைந்துபோகவில்லை. ஒடேசா சத்யன் என்று அந்த அமைப்பின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட தோழர், 2014-இலே மறையும்வரை அந்த வழியிலேயே ஆவணப் படங்கள் எடுத்தார். தெருவிலே வாழ்ந்த கவிஞர் ஏ. அய்யப்பனைப் பற்றி ஒன்று. காவலர் இராமச்சந்திரன் நாயரைப் பற்றி மற்றொன்று. 1970-இலே வயநாட்டிலே நக்சலைட் வர்கீஸ் மோதலில் கொல்லப்பட்டார் என்று அரசு சொன்னது, ‘மோதலன்று, மேலதிகாரியின் கட்டளைக்கு அஞ்சி நானே சுட்டேன்’ என்ற பொருளில் 1998-இலே அறிவித்தவர் அந்த நாயர். 2010-இலே முன்னாள் காவல் அதிகாரி ஒருவருக்குத் தண்டனை கிடைத்தது. இத்தகைய மனிதனின் மனத்தைப் படமாக்க எந்த முதலாளி பணம் தருவான்?

திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு, கேரளத்திலே ஜானின் பெயரால் ஆண்டுதோறும் விருது தருகிறது. ‘சைன்ஸ்’ என்னும் குறும்பட, ஆவணப்பட விழாவையும் நடத்திவருகிறது. விருது என்றதும் எனக்கு ஐயம் எழுவதுண்டு. ஆனால், ஊர்தோறும் திரை கட்டிய சங்கத்தார் தரும் விருது, அரண்மனை விருதைப் போன்றதன்று.

ஜானின் கைச்சுவடு மிகத் தெளிவாய்த் தெரிவது 2014-இலே வந்த ‘ஒராள்ப்பொக்கம்’ படத்திலே. இயக்குநர் சனல்குமார் சசிதரன். அவரும் தோழர்களும் ‘காழ்ச்ச’ என்ற சங்கத்தை நடத்தியவர்கள். உண்டியல் முகநூல் வழியே குலுக்கப்பட்டது; முன்பின் அறியாதார் பணம் அனுப்பினர். படம் முடிந்ததும் கொட்டகைக்காரனுக்காகக் காத்திருக்கவில்லை. ‘சினிமா வண்டி’ ஒன்றிலே படத்தை ஏற்றிக்கொண்டு கேரளத்து ஊர்களிலே ஓட்டினர். அந்தப் படத்திலே நாயகியாக நடித்தவர் நம் மீனா கந்தசாமி. சாதியை எதிர்த்து எழுதும் பேனாக்காரர். கழுதையோடு கேரளத்திலிருந்து தமிழுக்கு வந்த கடன், இவ்வகையிலே ஓரளவு திரும்பிச் சென்றது.

தமிழ்நாட்டிலே? திருநெல்வேலியிலே ‘காஞ்சனை’ என்ற திரைப்பட இயக்கம். அதனை நடத்திய ஆர்.ஆர். சீனிவாசன், ஜான் ஆபிரகாமைப் பற்றித் தமிழிலே நூல் தொகுத்தவர். 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளருக்காக நெல்லையிலே ஊர்வலம் போனவர்கள் மீது தடியடி நடந்தது. தாமிரபரணியிலே 17 பேர் மாண்டனர். செத்தவர்களிலே கைக்குழந்தையும் உண்டு. பேரேடுகள் வேறு செய்திக்கு நகர்ந்த வேளையிலே, சீனிவாசன் அதனை ‘நதியின் மரணம்’ என்று படமாக்கினார். ஜானைப் படித்தவர், ஜானின் தாடியை வளர்க்காமல் காமிராவை ஆற்றங்கரைக்குத் தூக்கிக்கொண்டு போனார். நான் சொல்ல வந்த தாக்கம் என்பது இதுதான்.

2017-இலே மதுரைத் தோழி திவ்யபாரதி ‘கக்கூஸ்’ எடுத்தார். மலக்குழியிலே இறங்கிச் சாகிறவர்கள் யார், ஏன் ஒரே சாதியிலிருந்தே வருகின்றனர் என்று அவர்களையே பேசவைத்த படம். காண்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்படி இருக்கும். திருப்பிக்கொள்ளக்கூடாது என்பதற்காகவே எடுத்தது. திவ்யபாரதி ஜானின் மாணவி என்று நான் சொல்லவில்லை. அப்படி முடிச்சுப் போடுவது வரலாறாகாது. ஆனால் அவருக்கு நேர்ந்தது, நாம் முன்பே கண்ட கதை. திரையிடும் இடங்களிலே காவல்துறை குறுக்கே வந்தது, அரங்குகள் பின்வாங்கின. அவர் படத்தை யூடியூபிலே ஏற்றிவிட்டார். அக்கிரகாரத்துக் கழுதைக்கு 1977-இலே கிட்டாத கொட்டகை, இலட்சக்கணக்கானவர் கையிலே இருந்த கைப்பேசியாக வந்து வாய்த்தது. இன்று படமெடுக்க விரும்பும் இளைஞனிடம் காமிராவும் இருக்கிறது, கொட்டகையும் இருக்கிறது. அவன் பணத்துக்கு யாரிடம் போய் நிற்கப்போகிறான் என்பதுதான் எஞ்சியுள்ள கேள்வி.